ஓடுறீங்க, சரி. சாப்பிடுறீங்களா? உடற்பயிற்சி செய்யும் பெண்களுக்கான முழுமையான சாப்பாட்டு வழிகாட்டி

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மார்கழியில், இடது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஓர் இடம் மட்டும் வலிக்க ஆரம்பித்தது. விரல் வைத்துக் காட்டலாம், அஞ்சு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே இடம். கோவை ரேஸ் கோர்ஸில் தினமும் காலை ஐந்தரைக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு அரை மாரத்தானை முடித்துவிட்டு அடுத்ததுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன், எடை 61-இலிருந்து 52-க்கு இறங்கியிருந்தது, பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அம்மா மட்டும் "என்ன கண்ணு, முகமெல்லாம் ஒட்டிப்போச்சு" என்று முனகிக்கொண்டே இருந்தார். எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றும் தெரியவில்லை, தசைப்பிடிப்பு என்று களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் படி இறங்கும்போதும் வலித்தது. வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் காலைத் தொடுவதற்கு முன்னாலேயே கேட்டார்: "கடைசியா எப்பம்மா பீரியட்ஸ் வந்துச்சு?"

கால் வலி என்று வந்தவளிடம் இதை எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சல். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐந்து மாதம். உண்மையைச் சொன்னால், நாள் தள்ளிப்போனது எனக்கு ஒரு நிம்மதியாகத்தான் இருந்தது. பயிற்சி கெடவில்லை, வயிற்றுவலி இல்லை, நாப்கின் செலவு இல்லை. எம்ஆர்ஐ எடுத்தபோது எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தது. விழவில்லை, இடிக்கவில்லை, எலும்பு தானாகவே விட்டுக்கொடுத்திருக்கிறது. காரணம் ஓட்டம் இல்லை என்றார் அவர். ஓடிய அளவுக்குச் சாப்பிடாததுதான்.

நான் மருத்துவரோ டயட்டீஷியனோ இல்லை. அந்த ஆறு வாரம் கட்டிலில் கிடந்தபோது படித்தது, பிறகு செய்து பார்த்தது, என் தோழிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது எல்லாம் சேர்த்து எழுதுகிறேன். ஓடுகிறவர், ஜிம்முக்குப் போகிறவர், போலீஸ் தேர்வுக்காக கிரவுண்டில் வியர்வை சிந்துகிறவர், கபடி ஆடுகிற பெண்ணின் அம்மா, யாராக இருந்தாலும் பொருந்தும்.

முதலில் அந்தக் கணக்கு

நாள் முழுக்கச் சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சிக்குச் செலவான கலோரியைக் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் உடம்பு தன் வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்கிற பணம். இதயம் துடிக்க, சூடு காக்க, எலும்பு புதுப்பிக்க, முடி வளர, ரத்தம் ஊற, கருமுட்டை முதிர, எல்லாம் இந்த மிச்சத்தில்தான். அந்த மிச்சத்தை, உடம்பில் கொழுப்பு தவிர்த்த எடை எத்தனை கிலோவோ அதால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அது 45 பக்கம் இருந்தால் வளமான குடும்பம். 30-க்குக் கீழே போனால் உடம்பு செலவைக் குறைக்க ஆரம்பிக்கும்.

எந்தச் செலவை முதலில் குறைக்கும்? நம் வீட்டில் பணம் முடைப்பட்டால் என்ன செய்வோம், அரிசி பருப்பை விட்டுவிட்டுப் பெயின்ட் அடிப்பதை நிறுத்துவோம். உடம்பும் அப்படித்தான். இதயத்தையும் மூளையையும் விட்டுவிட்டு, உயிர் வாழ உடனே தேவைப்படாத இனப்பெருக்கத்தில் கை வைக்கும். மூளையின் ஹைப்போதலாமஸ் அனுப்பும் சமிக்ஞை தளரும், சினைப்பையை இயக்கும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஹார்மோன்கள் குறையும், சினைப்பை மேல் எந்தக் குற்றமும் இல்லாமலே ஈஸ்ட்ரோஜன் இறங்கும், பீரியட்ஸ் நிற்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பைக் காக்க ஆள் இல்லை. என் கால் எலும்புக்கும் பீரியட்ஸுக்கும் உள்ள தொடர்பு அதுதான்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஓஹாயோ பல்கலைக்கழகத்தில் ஆன் லவுக்ஸ் என்பவர் 1998-இல் ஒரு விஷயத்தைப் பிரித்துக் காட்டினார்: ஹார்மோனைக் குலைப்பது உடற்பயிற்சியின் களைப்பு இல்லை, சக்தி பற்றாக்குறை. அதே அளவு பயிற்சி செய்தாலும் சாப்பாடு ஈடுகட்டினால் எல்ஹெச் துடிப்பு, அதாவது அது விட்டுவிட்டுச் சுரக்கும் தாளம், கெடவில்லை. 2003-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், மிச்சம் 30-க்குக் கீழே இறங்கியபோது வெறும் ஐந்தே நாளில் அந்தத் துடிப்பு மாறத் தொடங்கியதைப் பார்த்தார். ஐந்து நாள்! நாமோ ஐந்து மாதம் அப்படி ஓட்டுகிறோம்.

என் கணக்கையே போடுகிறேன். அப்போது 52 கிலோ, கொழுப்பைக் கழித்தால் சுமார் 40 கிலோ. தினமும் 8 கிலோமீட்டர். ஓட்டத்துக்கு ஒரு சுலபமான வாய்ப்பாடு உண்டு: ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி. 52-ஐ 8-ஆல் பெருக்கினால் 416, சரி, 400 என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் கிடைத்த ஒரு சார்ட்டைப் பார்த்து 1,400 கலோரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். 1,400-இல் 400 போனால் 1,000. அதை 40-ஆல் வகுத்தால் 25. எனக்கு வேண்டியிருந்ததோ 45-ஐ 40-ஆல் பெருக்கி 1,800, அதோடு ஓட்டத்துக்கு 400, ஆக 2,200. தினமும் 800 கலோரி கடன். மாதக்கணக்கில்.

இந்த 30 என்பது லட்சுமணன் கோடு கிடையாது. சிலருக்கு அதற்கு மேலே இருக்கும்போதே பீரியட்ஸ் தடுமாறும், சிலருக்குக் கீழே போனாலும் கொஞ்ச நாள் தாங்கும். கையில் கட்டுகிற வாட்ச் காட்டும் கலோரியும் வீட்டு எடை மெஷின் காட்டும் கொழுப்பு சதவீதமும் ரொம்பவே முன்பின் இருக்கும். ஆகவே இந்த எண்ணை ஓர் ஊர்ப்பலகையாகப் பாருங்கள், எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரிந்தால் போதும்.

அப்புறம் எல்லோரும் கேட்கும் கேள்வி: "எனக்கு எடையே குறையலையே, அப்புறம் எப்படி நான் கம்மியாச் சாப்பிடுறேன்னு சொல்றீங்க?" குறையாது. உடம்பு செலவைச் சுருக்கிக்கொண்டு வரவுக்குள் வாழப் பழகிவிடும். தைராய்டு ஹார்மோனான டி3 இறங்கும், ஓய்வில் எரியும் கலோரியே குறையும். எடை ஒரே இடத்தில் நிற்பதைக் காட்டி எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒல்லியாக இருப்பவருக்குத்தான் இது வரும் என்பதும் தப்பு. நல்ல எடையில் இருப்பவருக்கும், எடை குறைக்கிற வேகத்தில், தாராளமாக வரும்.

அறிகுறிகளை எப்படிப் பார்ப்பது

ஒரு காலண்டரை எடுங்கள், அல்லது போனில் குறியுங்கள். பீரியட்ஸ் தொடங்கிய தேதி, எத்தனை நாள், எவ்வளவு போக்கு. 35 நாளுக்கு மேல் இடைவெளி அடிக்கடி வருகிறதா, மூன்று மாதம் வரவே இல்லையா, போக்கு மெலிந்து இரண்டு நாளில் முடிகிறதா? மூன்று மாதம் நின்றால் அது மருத்துவரிடம் போகவேண்டிய விஷயம். 15 வயது முடிந்தும் ஒரு பெண் பூப்படையவில்லை என்றாலும் அப்படியே. "விளையாடுற பொண்ணுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று கோச் சொன்னாலும் சரி, பெரியம்மா சொன்னாலும் சரி, காதில் வாங்காதீர்கள்.

கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் மாதாமாதம் வரும் ரத்தப்போக்கு மாத்திரையை நிறுத்துகிற இடைவெளியில் வருவது. உங்கள் ஹார்மோன் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி சொல்லாது.

பீரியட்ஸ் ஒழுங்காக இருந்தாலும் மற்றவற்றைப் பாருங்கள். எப்போதும் குளிர்கிறதா, மே மாத வெயிலில் கூட ஃபேனைக் குறைக்கச் சொல்கிறீர்களா? மலச்சிக்கல், வயிறு உப்பல், கொத்துக்கொத்தாக முடி உதிர்தல், அடிக்கடி சளி, ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு, காரணமே இல்லாமல் எரிந்து விழுதல், நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைப்பு, எவ்வளவு பயிற்சி செய்தாலும் வேகம் கூடாமல் இருப்பது. நாடித்துடிப்பு குறைவது நல்ல பயிற்சியின் அடையாளமாகவும் இருக்கலாம், ஆனால் கூடவே தலைசுற்றலும் குளிரும் இருந்தால், அல்லது விழித்திருக்கும்போதே 40-க்குக் கீழே போனால், உடனே காட்டுங்கள்.

எலும்பு வலி விஷயத்தில் கறாராக இருங்கள். தசைவலி பரவலாக இருக்கும், உடம்பு சூடானதும் குறையும். எலும்பு விரிசல் வலி ஒரே புள்ளியில் இருக்கும், ஓட ஓட ஏறும், கடைசியில் படுக்கையிலும் விடாது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். வலி தொடை இடுக்கில், இடுப்பு மூட்டுப் பக்கம் வந்தால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள். அங்கே விரிசல் முழு முறிவானால் அறுவை சிகிச்சை வரைக்கும் போகும்.

ஓட்டை எங்கே இருக்கிறது

மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிறாக இருக்கட்டும், வாயில் போட்டதை எல்லாம் நேரத்தோடு எழுதுங்கள். கலோரி போட வேண்டாம், நேரம் முக்கியம். நான் எழுதிப் பார்த்தபோது தெரிந்தது இது: ராத்திரி எட்டுக்கு இரண்டு சப்பாத்தி, காலை ஐந்துக்குக் கருப்புக் காபி, ஐந்தரையிலிருந்து ஏழு வரை ஓட்டம், வந்து குளித்துப் பிள்ளைக்கு டிபன் கட்டி, அவரை அனுப்பி, ஒன்பதரைக்கு நின்றுகொண்டே இரண்டு இட்லி. பதிமூன்றரை மணி நேரம் ஒரு வாய் உணவில்லாமல் இருந்திருக்கிறேன், அதற்கு நடுவில்தான் அந்த எட்டு கிலோமீட்டர். நாள் மொத்தக் கணக்கு சரியாக இருந்தாலும் இப்படி நீண்ட நேரம் வறண்டு கிடப்பதே உடம்புக்கு ஒரு சுமை. பதினாறு மணி நேர இடைவெளி டயட்டும் காலை ஓட்டமும் ஒன்றாகச் செய்கிற தோழிகளிடம் நான் கெஞ்சியே கேட்டிருக்கிறேன், இரண்டில் ஒன்றை விடுங்கள் என்று.

நம் வீடுகளில் பெண்களின் ஓட்டை பெரும்பாலும் காலையில்தான். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிற வழக்கம். மிஞ்சிய இட்லி இரண்டு என்றால் இரண்டோடு முடிந்தது. அலாரம் வைத்து எழுந்து ஓடத் தெரிந்த நமக்கு, தட்டில் முதலில் எடுத்து வைக்கத் தெரிவதில்லை.

அடுத்த ஓட்டை, ஆரோக்கியம் என்ற பெயரில் வருவது. சோறை வில்லனாக்கி ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய், ஒரு கிண்ணம் சிறுதானியம், எண்ணெயில்லாத பொரியல். எனக்குத் தினை சாமை மேல் கோபம் இல்லை. ஆனால் நார்ச்சத்து அதிகமானால் வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும், கலோரி நிறையாது. உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது நல்லது. 8 கிலோமீட்டர் ஓடியவளுக்கு அது பள்ளம்.

நிரப்புவது எப்படி

ஒரேயடியாக 800 கலோரி ஏற்றினால் வயிறு ஒத்துக்கொள்ளாது, மனசும் ஒத்துக்கொள்ளாது. தினமும் 300-இலிருந்து 600 கலோரி கூட்டுவது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. முதல் வாரம் 150, 200 என்று தொடங்குங்கள். ஒன்றை மட்டும் விதிவிலக்காக வைத்துக்கொள்ளுங்கள்: எடை மிகவும் குறைந்து, வாரக்கணக்கில் ஏறக்குறைய பட்டினியாக இருந்தவர்கள் வீட்டிலேயே திடீரென அதிகம் சாப்பிடத் தொடங்கக்கூடாது, ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் தடாலென இறங்கி ஆபத்தாகலாம். அவர்கள் மருத்துவர் பார்வையில்தான் செய்யவேண்டும்.

முதல் மாற்றம் ஓட்டத்துக்கு முன்னால். கிளம்புவதற்கு 15, 20 நிமிடம் முன்பு இரண்டு பூவன்பழம், இல்லை மூன்று பேரீச்சை. 100 கலோரி. வயிற்றில் கனமே தெரியாது. இதைச் செய்த முதல் வாரமே கடைசி இரண்டு கிலோமீட்டரில் கால் இழுப்பது நின்றது.

இரண்டாவது, வந்த அரைமணிக்குள். குளியலுக்கு முன்பு, டிபன் பாக்ஸுக்கு முன்பு. நான் முந்தைய ராத்திரியே ஒரு டம்ளரைக் கவிழ்த்து, பக்கத்தில் கடலை உருண்டை டப்பாவை எடுத்து வைத்துவிடுவேன். 200 மில்லி பால், இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, பெரிய கடலை உருண்டை ஒன்று. 320 கலோரி, 13 கிராம் புரதம், சமையலறை மேடையில் நின்றபடி நாலு நிமிடம். விலை அதிகமான புரதப் பவுடர் டப்பா இதைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யப்போவதில்லை, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், என் பணம் இல்லை.

எட்டரைக்கு நான்கு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி, ஒரு முட்டை, எல்லாமாக 475. பதினொன்றுக்கு ஒரு கை சுண்டல், 150. மதியம் இரண்டு கப் சோறு, பருப்பு அல்லது குழம்பு, நல்லெண்ணெய் தாளித்த பொரியல், ஒரு கப் தயிர், 700 வரும். சனிக்கிழமை என்றால் எங்கள் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதம், நெய் விட்டு. சாயங்காலம் டீயோடு ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, 230. ராத்திரி மூன்று சப்பாத்தி, குருமா, 450. காலைப் பழத்தையும் பாலையும் சேர்த்துக் கூட்டினால் 2,400 பக்கம் வரும், புரதம் 75 கிராம் பக்கம். என் தேவையைவிடக் கொஞ்சம் அதிகம்தான். பழைய கடனும் அடையவேண்டுமே.

ஒப்பிட்டுப் பார்க்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020-இல் சொன்ன அளவு: 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் 1,660 கலோரி, நடுத்தர உழைப்புக்கு 2,130, கடும் உழைப்புக்கு 2,720. இணையத்தில் சுற்றும் 1,200 கலோரி சார்ட், வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கே போதாது என்பதை இந்த எண்ணிலிருந்தே பார்க்கலாம்.

அந்த 2,720-ஐப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது எந்த வீராங்கனையும் இல்லை. எங்கள் தெருவில் கட்டுகிற வீட்டில் மூன்று மாடிக்குச் செங்கல் சுமந்த சித்தாள் அக்காதான். காலையில் டீயும் பன்னும், மத்தியானம் தூக்குவாளியில் ரசம் சோறு. நாற்று நடுகிறவர், தேயிலை பறிக்கிறவர், எல்லோருக்கும் இதே கணக்குதான் ஓடுகிறது, பயிற்சி என்று யாரும் பெயர் வைக்காததால் அறிவுரையும் அங்கே போவதில்லை. அவர்களுக்குச் சாப்பிடுங்கள் என்று எழுதுவது அபத்தம், அங்கே பிரச்சினை கூலி.

புரதம் எடைக்கு ஏற்ப: பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோவுக்கு 1.2-இலிருந்து 2 கிராம் வரை. மாவுச்சத்தை வெட்டாதீர்கள், தினமும் ஒரு மணி நேரம் மிதமாகப் பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 5 கிராம் பக்கம் தேவை. சோறு, இட்லி, இடியாப்பம், வாழைப்பழம், கிழங்கு எல்லாம் அந்தக் கணக்கில்தான். எண்ணெயை ஸ்பூனில் அளந்து பயப்பட வேண்டாம். சாப்பிடவே முடியாமல் வயிறு நிறைந்துபோகிறவர்களுக்கு ஒரு ஸ்பூன் நெய் 45 கலோரி என்பது வரம்.

இரும்பு, கால்சியம்

இரும்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும். 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இது ஓடாத பெண்களையும் சேர்த்து. ஓடுகிறவர்களுக்கு வியர்வையிலும், குடலிலும், பாதம் தரையில் அடிபடுவதிலும் கொஞ்சம் கொஞ்சமாக இரும்பு போகும். போதாததற்கு, கடும் பயிற்சி முடிந்த மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கும். ஆகவே காலையில் ஓடுபவர் இரும்புள்ள உணவையோ மாத்திரையையோ ஓட்டம் முடிந்த கையோடு எடுப்பது நல்லது, பதினொன்றுக்கு எடுப்பதைவிட.

டீ, காபி இரும்பைக் கட்டிப்போடும். சாப்பாட்டோடு வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இரும்பை உள்ளே இழுக்கும். முருங்கைக்கீரைப் பொரியலில் இறக்கும்போது எலுமிச்சை பிழிவது, சுண்டலில் மாங்காய் துருவிப் போடுவது எல்லாம் ருசிக்கு மட்டும் இல்லை. கறி, ஈரல், மீன் சாப்பிடுகிறவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் சேர்த்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு நிற்காமல் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் என்பது கையில் இருக்கிற பணம், ஃபெரிட்டின் பேங்க்கில் இருப்பது. எனக்கு முதலாவது 12.1, பார்ப்பதற்கு அழகான எண், ஃபெரிட்டின் 9. சேமிப்பு துடைத்துப்போயிருந்தது. ஆனால் மாத்திரையை நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள்.

கால்சியம் நாளைக்கு 1,000 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில் 240 பக்கம், 100 கிராம் கேழ்வரகு மாவில் 350 பக்கம், எள்ளில் ஏராளம், முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலியில் நன்றாகவே. கூடவே வைட்டமின் டி பாருங்கள். ஆனால் சக்தியே பற்றாமல் ஈஸ்ட்ரோஜன் இறங்கிக் கிடக்கும்போது கால்சியம் மாத்திரையை மட்டும் போட்டு எலும்பைக் காப்பாற்ற முடியாது, கொத்தனார் இல்லாத வீட்டில் மணல் இறக்கிய மாதிரிதான்.

விரத நாள்

வெள்ளிக்கிழமை, சஷ்டி, நோன்பு, யாரையும் விடச் சொல்லவில்லை. அந்த நாளில் பயிற்சியைக் குறையுங்கள், அவ்வளவுதான். சஷ்டி ஆறு நாளும் கனத்த பயிற்சி வேண்டாம், நடை போதும். பால், பழம் அனுமதி உண்டென்றால் தாராளமாக எடுங்கள். ரம்ஜானில் பயிற்சியை நோன்பு திறந்த பிறகு, லேசாக.

மருத்துவரிடம் போகும்போது

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். பீரியட்ஸ் வரவில்லை என்று போனால் ஸ்கேன் எடுப்பார்கள், சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் தெரியும், பிசிஓடி (பிசிஓஎஸ் என்பதும் இதுதான், சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்று எழுதி "எடையைக் குறைங்க, சர்க்கரையை நிறுத்துங்க, எக்ஸர்சைஸ் பண்ணுங்க" என்பார்கள். பிசிஓஎஸ் உள்ளவர்களில் பலருக்கு அது சரியான அறிவுரை. சாப்பாடு பற்றாமல் நின்றவருக்கு அது நேர் எதிர்த் திசை, பள்ளத்தில் கிடப்பவரிடம் இன்னும் தோண்டச் சொல்வது. சக்தி பற்றாக்குறையில் நின்றவர்களுக்கும் ஸ்கேனில் அந்த நீர்க்கட்டித் தோற்றம் வரக்கூடும். எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு பெண் இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எட்டு மாதம் சோற்றைக் குறைத்துக்கொண்டே போனாள்.

ஆகவே நீங்களாகவே வாய்திறந்து சொல்லுங்கள்: வாரத்துக்கு எவ்வளவு பயிற்சி, கடந்த ஒரு வருஷத்தில் எடை எவ்வளவு மாறியது, என்ன சாப்பிடுகிறீர்கள், எலும்பில் வலி வந்ததா. முதலில் கர்ப்பப் பரிசோதனை, அதை அவமானமாக நினைக்க வேண்டாம், எல்லோருக்கும் அதுதான் முதல் படி. பிறகு ரத்தத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு), புரோலாக்டின், எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், எஸ்ட்ரடயால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவம்), ஃபெரிட்டின், வைட்டமின் டி. சாப்பாட்டுக் குறைவால் நின்றிருந்தால் எல்ஹெச், எஸ்ட்ரடயால் இரண்டும் பெரும்பாலும் தாழ்ந்திருக்கும். பிசிஓஎஸ்ஸில் எல்ஹெச் அப்படி அடிமட்டத்தில் இருப்பது வழக்கமில்லை. மற்றக் காரணங்களை எல்லாம் தள்ளிய பிறகே சாப்பாட்டின் மேல் பழியைப் போடவேண்டும், தைராய்டு கோளாறும் இப்படித்தான் தொடங்கும். ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்தாலோ எலும்பு விரிசல் வந்திருந்தாலோ எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

வரவழைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் கருத்தடை மாத்திரை கொடுத்தால், எதற்கு என்று மரியாதையாகக் கேளுங்கள். ரத்தப்போக்கு வரும், மூலகாரணம் அப்படியே இருக்கும், எலும்பும் பெரிதாகத் தேறாது. இதற்கென இருக்கும் மருத்துவ வழிகாட்டுதல்களே அந்த நோக்கத்துக்கு மாத்திரை வேண்டாம் என்கின்றன. இன்னொன்று, பீரியட்ஸ் இல்லை என்பதால் கர்ப்பம் தரிக்காது என்று நினைக்காதீர்கள், திரும்பி வரும்போது முட்டை முதலில் வெளிவரும், ரத்தம் பிறகுதான்.

சாப்பிட வேண்டும் என்று தெரிந்தும் தட்டைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, சாப்பிட்டால் வாந்தி எடுக்கத் தோன்றுகிறது, ஓடாத நாளில் குற்றவுணர்ச்சியில் தூக்கம் வரவில்லை என்றால், இந்தக் கட்டுரை போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள், தயங்காமல்.

வளர்கிற பெண்கள்

உச்ச எலும்பு வலிமையில் ஏறக்குறைய 90 சதவீதம் 18, 20 வயதுக்குள் சேர்ந்துவிடும். அந்த வயதில் விட்டதைப் பிறகு முழுதாகப் பிடிப்பது கஷ்டம். 2013 மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியில் 17 வயதிலேயே 1,500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடிய அமெரிக்கப் பெண் மேரி கெய்ன், 2019-இல் வெளிப்படையாகப் பேசினார்: எடையைக் குறை, குறை என்ற நெருக்கடியில் மூன்று வருஷம் பீரியட்ஸ் நின்றது, ஐந்து எலும்புகள் முறிந்தன. கிரவுண்டில் எல்லோர் முன்னாலும் எடை மெஷினில் நிற்கவைக்கிற கோச்சிடம் உங்கள் பெண் இருந்தால், போய்ப் பேசுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்

சாப்பாடு கூடிய சில நாள், சில வாரத்தில் தூக்கம், குளிர், எரிச்சல் எல்லாம் மாறும். பீரியட்ஸ் திரும்ப மாதங்கள் பிடிக்கும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலேயும். எலும்புக்கு வருஷக்கணக்கில். சாப்பாட்டை மட்டும் கூட்டிப் போதவில்லை என்றால் பயிற்சியில் கைவையுங்கள், வாரத்தில் ஒரு முழு ஓய்வு நாள் சேருங்கள், நீண்ட ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். எடை கூடும். எனக்கு முதல் இரண்டு மாதத்தில் மூன்று கிலோ கூடியது, பேன்ட் பட்டன் போடவில்லை, ஒரு சாயங்காலம் முழுக்க அழுதேன். எடை மெஷினை அம்மாவிடம் கொடுத்துப் பரணில் போடச் சொன்னேன். அம்மா சந்தோஷமாகப் போட்டார்.

காலுக்கு ஆறு வாரம் ஓய்வு. பிறகு வலியில்லாமல் 30 நிமிடம் நடக்க முடிந்த பின்தான் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கச் சொன்னார் மருத்துவர். அந்த ஒரே புள்ளியில் வலி எட்டிப் பார்த்தாலும் அன்றைக்கு அதோடு நிறுத்தம். முழுதாக 5 கிலோமீட்டர் ஓட நான்கு மாதம் ஆனது. பீரியட்ஸ் ஏழாவது மாதம், ஒரு கல்யாண மண்டபத்தில், பட்டுப்புடவையில் இருக்கும்போது வந்தது. கைப்பையில் நாப்கின்கூட இல்லை. சித்தியிடம் போய்க் காதில் கேட்டேன், சிரித்துக்கொண்டே கேட்டேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. டெக்ஸாவில் முதுகெலும்பு எண் இன்னும் என் வயதுக்கு இருக்கவேண்டிய அளவுக்குக் கீழேதான் இருக்கிறது. அடுத்த ஸ்கேன் வருகிற ஆவணியில்.